"ரெண்டு எம்.எஸ்சி.யும் ஒண்ணுதானா, மேடம்?"

இந்த சீசனுக்குத்தான் அட்மிஷன் மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தொண்டை வற்றிப்போகும். ரிசல்ட் வந்துவிட்டால் உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். எம்.சி.ஏ. சேர்க்கலாமா, எம்.எஸ்சி. சேர்க்கலாமா? எம்.எஸ்சி. என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா? எல்லாம் ஒண்ணுதானே மேடம்?

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில், தலை நரைக்கும் வரைக்கும் இந்த மேசையில் உட்கார்ந்து எழுந்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. ஓய்வு பெற்ற பிறகும் இரண்டும் குறையவில்லை என்று என் வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தப் படிப்புக்கு என்ன பாடம், யார் சேரலாம் என்பதை எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் அட்மிஷன் டைரக்டர் கெட்டிக்காரர். பெயர் வேண்டாம். இந்த வேலையை எனக்குப் பழக்கியவரே அவர்தான். "பயந்துகிட்டு வர்றவங்களுக்கு சிலபஸ் வேணாம் மேடம், தைரியம் வேணும்" என்பார். அந்தத் தைரியத்தைக் கொடுக்க ஒரு வித்தை வைத்திருந்தார். இரண்டு படிப்பின் பாடங்களையும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக அச்சடித்து வைத்திருப்பார். பெற்றோர் கண்ணெதிரில் பச்சை ஹைலைட்டரை எடுத்து, இரண்டிலும் இருக்கிற பாடங்களின்மேல் கோடு இழுப்பார். டேட்டாபேஸ், பச்சை. நெட்வொர்க்ஸ், பச்சை. ஆப்பரேட்டிங் சிஸ்டம், பச்சை. கடைசியில் தாளே பச்சையாகிவிடும், ஒன்றிரண்டு வரிதான் வெள்ளையாக நிற்கும். அதை அவர்கள் பக்கம் திருப்பித் தள்ளி, "பாருங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்பார். வந்தவர்கள் முகம் தெளிந்துவிடும். அப்பா பேனாவைத் தேடுவார்.

நாங்கள் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டோம். அது பொய்யும் இல்லை. பாடம் ஒன்று, வாத்தியார் ஒன்று, லேப் ஒன்று. சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் வேலைக்கு எடுக்கிறவர்கள் கோடிங் வருமா என்றுதான் பார்ப்பார்கள், பட்டத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று துருவிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பெயரை மட்டுமே பார்க்கிற இடங்களும் இருக்கின்றன. இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தப் போனால் எம்.இ.யா, எம்.டெக்.கா என்று கேட்பார்கள். எம்.சி.ஏ. படித்தவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். அரசுப் பள்ளி வேலை என்றால், அறிவிப்பில் எந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதோ அதே பெயர் உங்கள் சான்றிதழில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பட்டமும் அதற்கு இணை என்று அரசாணை வந்திருக்க வேண்டும். அங்கே போய்ப் பச்சைத் தாளை நீட்டினால் யாரும் கையில்கூட வாங்க மாட்டார்கள்.

கலைவாணி எங்கள் மேசைக்கு வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. மகள் எல்.கே.ஜி. கீழ்க்கட்டளையில் வீடு. கூட வந்தவர் அவளுடைய மாமனார் கோதண்டம். அந்த ஊரின் பழைய குடும்பம். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வரிசையாக வாடகைப் போர்ஷன்கள் கட்டிவிட்டிருக்கிறார்கள். புருஷன் ரியல் எஸ்டேட் வேலையாக அலைகிறவர். அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் நான் அவரைப் பார்த்ததில்லை.

நான் பழக்கதோஷத்தில் ஹைலைட்டரைக் கையில் எடுத்தேன். கோதண்டம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்த வையும்மா. எனக்குப் படிப்பு கிடிப்பு ஒண்ணும் தெரியாது. இத்த படிச்சா கவருமெண்ட் டீச்சர் ஆவலாமா? அத்த மட்டும் சொல்லு."

"ஆகலாம் ஐயா. எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டு, பி.எட். படிச்சு, பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும்."

"அது போதும். கம்பெனி வேலைக்கெல்லாம் நான் அனுப்ப மாட்டேன். கண்ட நேரத்துல காரு வந்து வாசல்ல நின்னுக்கினு ஹாரன் அடிப்பான். தெருவே பாக்கும். டீச்சர்னா சாயங்காலம் வூட்டுக்கு வந்துரும், மரியாதயும் கீது. அதுக்கோசரந்தான் ஒத்துக்கினேன்."

"மாமா ஒத்துக்கிட்டதே பெருசு மேடம்" என்று கலைவாணி சிரித்தாள். அவளுடைய பி.எஸ்சி. மதிப்பெண்களைப் புரட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் முடித்தது. நல்ல முதல் வகுப்பு. இத்தனை வருஷம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்திருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த அனுமதி படிப்புக்கு இல்லை, ஒரே ஒரு வேலைக்கு. அந்த வேலைக்கு ஆகாது என்றால் படிப்பும் கிடையாது. அது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் மாணவியின் கைபேசி எண் கேட்டபோதுகூட கோதண்டம் தன் எண்ணைத்தான் சொன்னார். அவள் அதையே எழுதினாள்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அப்போதுதான் டிகிரி முடித்து வந்த பிள்ளைகள். மொத்தமே இரண்டு பெஞ்சு நிறையாத கூட்டம். வாத்தியார் வராவிட்டால் இவள் எழுந்துபோய் போர்டில் எழுத ஆரம்பித்துவிடுவாள். டீச்சரக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் பெருங்களத்தூரிலிருந்து வந்த தினேஷ் என்ற பையன். வாய்க்கொழுப்பு பிடித்தவன், ஆனால் நல்ல பிள்ளை. ஒரு நாள் என் அறைக்கு வந்து புகார் சொன்னான்.

"மேடம், டீச்சரக்கா எங்களுக்கு ஹோம்வொர்க் குடுக்கறாங்க. இதெல்லாம் கேக்க ஆளே இல்லையா?"

பின்னாலேயே அவள் வந்து நின்றாள். "நீ முடிச்சியா இல்லையா, அத மேடம்கிட்ட சொல்லு."

ஒரு மதியம் அந்த வகுப்பைத் தாண்டிப் போகும்போது கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். டேட்டாபேஸ் நடத்திக்கொண்டிருந்தாள். "எங்க போர்ஷன்ல ரெண்டு முருகன் இருக்காங்க. வாடகை யாரு குடுத்தான்னு பேர வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அதுக்குத்தான் போர்ஷன் நம்பர். அதான்டா ப்ரைமரி கீ." பின் பெஞ்சில் இருந்தவன்கூட எழுதிக்கொண்டான். இவள் டீச்சர் ஆகத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச வாரங்களே ஆகியிருக்கும். சேர்ந்தவர்களின் பெயர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற கடைசி நாள் நெருங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள் காலையில் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆள் சேரவில்லை. இந்த வருஷம் அதை நடத்துவதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. சேர்ந்தவர்களை எம்.எஸ்சி. ஐ.டி.க்கு மாற்ற வேண்டும்.

"ஐ.டி.யிலயும்தான் ஆள் கம்மி. அதை நிறுத்திட்டு இதை நடத்தலாமே சார்" என்றேன்.

"ஐ.டி.க்கு சிறுசேரி கம்பெனியோட டை-அப் போட்டாச்சு மேடம். வாசல்ல பேனர் தொங்குது, பாக்கலையா? அதே வாத்தியார், அதே க்ளாஸ்ரூம். பேர் மட்டும் மாறுது. இன்னைக்கே எல்லாரும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொன்னால் கேட்பார்கள் என்பது உண்மைதான். அதை நினைத்துக்கொண்டேதான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

பிள்ளைகளை வகுப்பறையிலேயே வைத்துப் பேசினோம். டைரக்டர் பச்சைத் தாளை எடுத்துவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அந்த முறை கோடு போடுகிற வேலைகூட இல்லை, முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். தினேஷ் தாளைப் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. "ஐ.டி.ன்னு இருந்தா இன்னும் கெத்துதான் சார்" என்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். அவனுக்குச் சிறுசேரி போக வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களும் போட்டார்கள். கடிதம் கலைவாணியிடம் வந்தது. அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். டைரக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டு எம்.எஸ்சி.யும் ஒண்ணுதானா, மேடம்? டீச்சர் வேலைக்குக் கேக்கறேன்."

"ஒண்ணுதாம்மா" என்றார் டைரக்டர். "சொல்லுங்க மேடம்."

நீங்களும் ஒரு நாள் இப்படி நிற்பீர்கள். ஒரு பக்கம் சம்பளம் கொடுக்கிறவர், ஒரு பக்கம் உங்களை நம்பிக் கேட்கிறவள். யோசித்துப் பதில் சொல்கிறேன் என்று நழுவ முடியாது, நழுவினாலே பதில் தெரிந்துவிடும். எனக்கு விதி தெரியும். அன்றைக்கு இருந்த அறிவிப்புகளில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று இருந்தது. எங்கள் ஐ.டி. பட்டம் அதற்கு இணை என்று ஆணை எதுவும் வந்திருக்கவில்லை. நாளைக்கு வரலாம். வராமலும் போகலாம். நான்கு வருஷம் படித்து, பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டு, சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில் போய்த் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தை மறக்க முடியாது.

"இன்னைக்கு இருக்கற விதிப்படி டீச்சர் வேலைக்கு ரெண்டும் ஒண்ணில்லம்மா. நாளைக்கு மாறுமான்னு எனக்குத் தெரியாது."

டைரக்டர் சிரித்து மழுப்பினார். மேடம் எப்பவும் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்றார். தினேஷ் மட்டும், "அக்கா, போட்ருங்கக்கா. அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"நான் போடல சார்."

அவளை என் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். மேடவாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்குத் தெரிந்த ஒருத்தி என்னைப் போலவே இதே வேலையில் இருந்தாள். போன் போட்டேன். அங்கே எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் நடக்கிறது, இடமும் இருக்கிறது, நாளைக்குக் காலையில் டி.சி.யோடு வந்தால் பெயரைச் சேர்த்து அனுப்பிவிடலாம் என்றாள். போனை வைத்துவிட்டுக் கலைவாணியைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அங்க பஸ்ஸு கூட கிட்ட மேடம். வீட்ல நான் பக்குவமா சொல்லிக்கறேன். காலேஜ் மாறுது, பக்கத்துலயே வந்துடுச்சுன்னு சொன்னா மாமாவுக்கு சந்தோஷமாத்தான் இருக்கும். மத்ததெல்லாம் அவருக்கு எதுக்கு?"

எவ்வளவு விவரமான பெண் பாருங்கள். அந்த வீட்டுக்கு எந்த வார்த்தை போக வேண்டும், எது போகக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு எல்லாம் அது தெரியவில்லை.

டி.சி. எழுதச் சொல்லி ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினேன். அது வருவதற்குள் கோதண்டம் வந்துவிட்டார். டைரக்டர் விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். உங்கள் மருமகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தகராறு செய்கிறார், பசங்களையும் கிளப்பிவிடுகிறார், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பேசியிருக்கிறார். வீட்டுப் பெரியவர் வந்து அதட்டினால் போட்டுவிடுவாள் என்பது அவர் கணக்கு. நம் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். பிள்ளை மடங்கவில்லையா, வீட்டுக்குப் போன் போடு.

"இன்னாம்மா பேஜார் இது?" என்றார் கோதண்டம். "பசங்களோட சேந்துக்கினு சண்ட போடுதுன்னு போன் வருது. எங்க வூட்டுப் பொண்ணப் பத்தி இப்பிடி ஒரு போன் வரலாமா?"

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல ஐயா, உக்காருங்க" என்று நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். படிப்பை இங்கே நிறுத்திவிட்டார்கள். மாற்றித் தருகிற படிப்பு டீச்சர் வேலைக்கு ஆகாது. ஆகிற படிப்பு மேடவாக்கத்துப் பக்கம் இருக்கிறது. நாளைக்கே சேர்ந்துவிடலாம். கலைவாணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் பக்குவமாகச் சொல்ல நினைத்ததை நான் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன், வேறு வழியும் இல்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம்.

"அங்க மட்டும் நிறுத்த மாட்டாங்களா?"

"இப்ப நடத்தறாங்க ஐயா."

"அத்த கேக்கல. இங்கயும் அன்னிக்கி நடத்திக்கினுதான் இருந்தீங்கோ. ரெண்டு மாசம் கழிச்சு அவனும் ஆளு இல்லன்னு சொல்லிட்டான்னா? அப்பிடி ஆவாதுன்னு நீ பொறுப்பு ஏத்துக்கிறியாம்மா? நீ ஏத்துக்கினா நான் அனுப்பறேன்."

கலைவாணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டைரக்டர் வாசற்படியில் நின்றிருந்தார். அவராக இருந்தால் அந்த மனுஷர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பார். ஆனால் அது யாருடைய கல்லூரியோ. அங்கே எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்கள் நிர்வாகம் என்ன நினைக்கிறது, எனக்கு என்ன தெரியும்? தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்றுதானே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த வகுப்பறையில் அத்தனை பேர் நடுவில் நின்றேன்.

"அதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது ஐயா. ஆனா போய்ப் பாக்கலாம், விசாரிக்கலாம்."

'ஆனா'வுக்குப் பிறகு நான் சொன்னதை அவர் கேட்கவில்லை.

"பாத்தியா, அவங்களே சொல்றாங்கோ" என்று மருமகளிடம் திரும்பினார். "கெளம்பு. பாப்பாவ இஸ்கூல்ல இருந்து கூட்டியாரணும்."

"மாமா, ஒரே ஒரு தடவ அங்க போய்..."

"வோணாம்மா. நான் ஒன்னிய திட்டல. டீச்சர்னு சொன்னே, ஒத்துக்கினேன். அது ஆவல. அவ்ளோதான், வுடு."

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். "வரேன் மேடம்" என்றாள். அழவில்லை. நான்தான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் கீழ்க்கட்டளைக்குப் போனேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நாற்காலி போட்டார்கள், காபி வந்தது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். நான் படிப்புப் பேச்சை எடுத்தபோதெல்லாம் கோதண்டம் தண்ணி லாரியைப் பற்றியும் வாடகைக்காரர்களைப் பற்றியும் பேசினார். கலைவாணி காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. கடைசி நாளும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி எழுந்து வந்தேன்.

டைரக்டர் மறுவாரம் என்னைக் கூப்பிட்டு ரொம்பப் பொறுமையாகப் பேசினார். "உங்க நேர்மை எனக்குத் தெரியும் மேடம். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு வார்த்த, ஒண்ணுதான்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு இன்னைக்கு க்ளாஸ்ல இருக்கும்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நீங்கள் அந்தப் போனைப் போடாமல் இருந்திருந்தால் அவள் இன்றைக்கு மேடவாக்கத்தில் இருப்பாள் என்றேன். அதற்கப்புறம் வேலை விஷயம் தவிர நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பின்னால் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், பச்சை ஹைலைட்டர்கள் மட்டும் எங்கள் டிராயரில் கிடந்தன.

இத்தோடு முடிந்திருந்தால், நான் சரியாகத்தான் செய்தேன், உலகம்தான் சரியில்லை என்று உங்களிடம் சொல்லிவிட்டு எழுந்துபோயிருப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தினேஷ் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றான். அடையாளமே தெரியவில்லை, உடம்பு போட்டிருந்தான். சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து, ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, வேறு வழி தெரியாமல் பி.எட். படித்திருக்கிறான். அதற்குள் எங்கள் ஐ.டி. பட்டமும் இணைதான் என்று ஆணை வந்துவிட்டது. பரீட்சை எழுதினான், பாஸ் பண்ணினான், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் போஸ்டிங்.

"எல்லாம் டீச்சரக்கா குடுத்த ட்ரெயினிங் மேடம். அவங்க நடத்துன மாதிரியே ரெண்டு முருகன் சொல்லித்தான் நானும் நடத்தறேன்" என்றான். அப்புறம் கேட்டான். "அவங்க இப்ப எந்த ஸ்கூல்ல மேடம்?"

எந்த ஸ்கூலிலும் இல்லை என்றேன். ஸ்வீட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், பேச வேண்டாம் என்பதற்காக.

ஆக, டைரக்டர் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. நான் சொன்ன உண்மை, சொன்ன நாளில் மட்டும் உண்மை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் இன்றைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். எதையும் யோசிக்காமல் போட்டவன் நடத்துகிறான். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் ஒண்ணுதான் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறதே என்று யாராவது மனசுக்குள் நினைத்தால், அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அந்த ஆணை வராமலே போயிருக்கலாம். ஆணை வராமல் மாட்டிக்கொண்டவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வர மாட்டார்கள், அதனால் நமக்கு அவர்களைத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டோம், நம் வேலை முடிந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். பாடங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் அவர்கள் எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். யார் தயவில் படிக்க வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படிக்கிறவளுடைய சொந்த எண்ணை வாங்கி வையுங்கள். அவளிடம் பேசாமல் வீட்டுக்குப் போன் போடாதீர்கள், வேறு யாரும் போடவும் விடாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒருத்தி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது என்ன சொல்வது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

போன மாதம் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். "மேடம்" என்று குரல். கலைவாணி. பக்கத்தில் மகள், பள்ளிச் சீருடையில், அம்மாவின் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். போர்ஷன் வாடகை, கரண்ட் பில், தண்ணி எல்லாம் தான்தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். தினேஷ் வகுப்பில் நிற்கிற போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்த்தாளாம்.

"அந்தப் படிப்பையும் ஒத்துக்கிட்டாங்களாமே மேடம்?"

"ஆமாம்மா."

"மாமா போன வருஷம் தவறிட்டாரு. இப்ப வீட்ல வேணாம்னு சொல்ல ஆளில்ல. இப்ப சேந்தா டீச்சர் ஆயிடலாமா மேடம்?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். எம்.எஸ்சி., அப்புறம் பி.எட்., அப்புறம் பரீட்சை. பரீட்சை எந்த வருஷம் வைப்பார்கள் என்று வைக்கிறவர்களுக்கே தெரியாது. வயது வரம்பு ஒரு முறை ஏறும், ஒரு முறை இறங்கும். நான் இப்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை. சேரும்மா, கண்டிப்பா ஆயிடலாம் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் வேறுதான் வந்தது.

"சேரலாம்மா. ஆனா நீ முடிச்சு வரும்போது விதி எப்படி இருக்கும், வயசு வரம்பு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். மகளின் பையைத் தன் தோளில் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கும் இதேதான் மேடம் சொன்னீங்க. தெரியாதுன்னு. அன்னைக்கு எனக்கு உங்க மேல கோவமே வரல" என்றாள். "இன்னைக்கு வருது."

குரலை உயர்த்தவில்லை. தாம்பரம் பஸ் வந்துவிட்டது. மகளை முன்னால் ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள். நான் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான். நான் ஏறவில்லை.